கல்லிலே கணக்கு கண்ட கணபதி ஸ்தபதி

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பதற்குள் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

லால்குடி ஜெயராமன் என்றால், "அப்பா கோபால ஐயரிடம் கற்ற வித்தையாக்கும்!" என்று பரம்பரையோடு சேர்த்துச் சொல்வோம். அது நம்ம ஊர்ப் பெருமை. ஆனால் கன்னியாகுமரிக்குப் போய், கடலுக்குள் நிற்கும் வள்ளுவரைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தச் சிலையை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவோம்? உயரம் 133 அடி என்று தெரியும். திறந்து வைத்தவர் பெயர் தெரியும். உருவாக்கியவர் பெயர்?

அவர்தான் வை. கணபதி ஸ்தபதி. 1927-ல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். தந்தை வைத்தியநாத ஸ்தபதி. பரம்பரையாகவே உளி பிடித்த கை. ஆனாலும் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் சேர்ந்து கணிதத்தில் பட்டம் வாங்கினார். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு பழனி கோவிலில் ஸ்தபதி வேலை. 1957-ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது அதை நடத்தியவர் தந்தை. 1961 முதல் 1988 வரை பொறுப்பில் இருந்தவர் மகன்.

இது வெறும் உத்தியோகம் இல்லை. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வந்த வித்தை அங்கே கரும்பலகைக்கு வந்தது. இன்றைக்கு அந்தக் கல்லூரியில் மற்ற கல்லூரிகள் மாதிரியே விண்ணப்பம் போட்டுச் சேர்ந்து பட்டம் வாங்கலாம்.

"சிற்பத்தில் என்ன சார் கணக்கு?" என்று கேட்பீர்கள். முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்துக்கொண்டு, உடம்பு இத்தனை தாளம் என்று வகுப்பதுதான் சிற்ப சாஸ்திரத்தின் அடிப்படை. அளவுகளுக்குள் இருக்கும் விகிதம் மாறாது. அதனால் ஒரு சாண் சிலைக்குச் சொன்ன இலக்கணத்தை நூறு அடிச் சிலைக்கும் விரிக்கலாம்.

விரித்துக் காட்டினார். சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1976-ல் திறக்கப்பட்ட, திருவாரூர்த் தேரின் சாயலில் அமைந்த, சுமார் 128 அடி உயரக் கல் தேர் அவர் வேலை. அதன்பின் குமரிமுனை. 1979-ல் அடிக்கல், 1990-ல் வேலை ஆரம்பம், 2000 ஜனவரி 1-ல் திறப்பு. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக 38 அடிப் பீடம். மற்ற 95 அதிகாரங்களுக்காக 95 அடிச் சிலை. மொத்த எடை 7000 டன். இதில் சிலை இடுப்பை லேசாக ஒசித்து நிற்கிறது! நேராக நிற்கும் கல்லையே நிறுத்துவது பாடு. வளைந்த கல்லை, அதுவும் கடற்காற்றில் நிறுத்த வேண்டும். முதலில் மரத்தில் மாதிரி செய்து பார்த்தார்கள். சிலையின் உள்ளே, நடுவில் கீழிருந்து மேல் வரை வெற்றிடம் விட்டு அடுக்கினார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. வள்ளுவர் அசையவில்லை.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், கருங்கல்லால் ஆன இறைவன் கோவிலுக்கு வடிவம் கொடுத்தவரும் இவரே. பெங்களூர் அருகே கையால் செதுக்கிய கற்கள் கப்பலில் போயின. அஸ்திவாரத்தை 1999-ல் போட்டவர் கலிபோர்னியாவின் கான்கிரீட் நிபுணர் பேராசிரியர் மேத்தா. நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட். ஒரு கம்பி கிடையாது. கம்பி இருந்தால்தானே துருப்பிடித்து வெடிப்பு வரும்? ஸ்தபதியின் கல்லும் பேராசிரியரின் கான்கிரீட்டும் கைகோத்தன. குடமுழுக்கு 2023-ல் நடந்தது. அதைப் பார்க்க ஸ்தபதி இல்லை. 2009-ல் பத்மபூஷண் பெற்றவர், 2011 செப்டம்பரில் காலமானார்.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. நம் மயனுக்கும் மெக்சிகோ மாயர்களுக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். வரலாற்று அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் போகட்டும். அவர் போட்ட கணக்கு நிற்கிறது.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறேன்? நம்ம ஊர் சப்தரிஷீஸ்வரர் கோவிலில் ஒரு கல் விலகினால் சிமென்ட் பூசினால் சரியாகிவிடாது. கல்லின் போக்குத் தெரிந்தவர் வேண்டும்; பளு கணக்குத் தெரிந்தவரும் வேண்டும். இருவரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் நின்றால் நஷ்டம் கோவிலுக்கு. கணபதி ஸ்தபதி அந்த இருவராகவும் ஒரே ஆளாக இருந்தார். அப்படி ஒருவர் மறுபடி வருவார் என்று காத்திருக்க முடியாது. ஆளைத் தயார் பண்ணத்தான் வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து மாணவர்களை மாமல்லபுரம் அழைத்துப் போவோம். பல்லவர் கோவில்களைப் பார்த்துவிட்டு, சிற்பக் கல்லூரிப் பட்டறையில் அரை நாள் உட்காரட்டும். கல்லைத் தட்டினால் எப்படிச் சத்தம் வரவேண்டும் என்று காதால் கேட்டுவிட்டு வரட்டும். முதல் வருஷ வேன் வாடகை என் பொறுப்பு. இரண்டாம் வருஷத்துக்கு யார் என்று சாப்பாட்டுப் பந்தியில் வந்து சொல்லுங்கள்.