வல்லாண்மை நாவையும் பறிக்கும்



ஏகாதிபத்தியம் என வடசொல்லாற் குறிக்கப்பெறுவது வல்லாண்மை. ஒரு நாடு தன் எல்லை கடந்து, பிறிதொரு நாட்டின் மண்ணையும் உழைப்பையும் தன் நலத்துக்கென ஆள்வதே அது. அதன் கரணியம் யாது, வடிவு யாது, விளைவு யாது என வினவுவார்க்கு உலகெங்கும் சான்றுகள் உள. ஆயினும், மூன்றையும் ஒருங்கே காட்டவல்லது கொரிய நாட்டின் வரலாறு. அங்கு வல்லாண்மை செலுத்தியது வெள்ளையினமன்று. அண்டை நாடாகிய சப்பானே. வல்லாண்மை நிறம் பார்த்துப் பிறப்பதன்று என்பதற்கும் அவ்வரலாறே சான்று.

முதற்கண் கரணியத்தைக் காண்போம். 1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சப்பானின் கரையில் வந்து நின்றன. அடுத்த ஆண்டே துறைமுகங்களைத் திறக்கும் உடன்படிக்கையைப் பெற்றன. அச்சுறுத்தப்பட்ட சப்பான், அச்சுறுத்தும் கலையையே கற்றுக்கொண்டது. 1875-இல் தன் போர்க்கப்பலொன்றைக் கொரியாவின் காங்குவாத் தீவருகே விடுத்தது. 1876-இல் அதுபோன்றதோர் உடன்படிக்கையைக் கொரியாவின்மேற் சுமத்தியது. வளர்ந்துவந்த ஆலைகளின் துணிக்குச் சந்தை வேண்டியிருந்தது. ஆலைத்தொழிலாளர்க்கு அரிசி வேண்டியிருந்தது. படைக்கு ஆசியப் பெருநிலத்திற் கால்வைக்க இடம் வேண்டியிருந்தது. சந்தையும் சோறும் படையுமே வல்லாண்மையின் மூன்று வேர்கள்.

பிற வல்லரசுகள் தடுத்தனவா? 1905 சூலையில், பிலிப்பைன்சு அமெரிக்காவின் கையிலும் கொரியா சப்பானின் கையிலும் இருப்பதை இரு நாட்டாரும் தமக்குள் ஒப்பிக்கொண்டனர். ஆகத்தில், சப்பானோடு செய்த உடன்படிக்கையில் கொரியாவில் அதற்குள்ள மேலுரிமையை ஆங்கிலேயரும் ஏற்றனர். உருசியாவோ போரில் தோற்றிருந்தது. கொரியரை எவரும் கேட்கவில்லை. மாட்டை விலைபேசுவார் மாட்டைக் கேட்பதுண்டோ? அவ்வாண்டு நவம்பரில் கொரியா சப்பானின் காப்புநாடாயிற்று. 1910 ஆகத்தில் காப்பு என்னும் போர்வையும் நீங்க, சப்பானோடு முற்றாக இணைக்கப்பட்டது.

இனி வடிவு. 1908-இல் கிழக்கு நாட்டு வளர்ச்சிக் குழுமம் என்னும் பெயரில் ஒரு குழுமம் தோன்றியது. பெயர் வளர்ச்சி, தொழில் நிலங்கொள்ளல். 1910 முதல் 1918 வரை நாடு முழுதும் நிலம் அளக்கப்பட்டது. எழுத்துச்சான்று காட்டவியலாத உழவர் பலர் வழிவழியாக உழுத நிலத்தில் உரிமையிழந்தனர். அரசுநிலமாகக் கொள்ளப்பட்டவற்றிற் பெரும்பகுதி அக்குழுமத்தின் கைக்கும் சப்பானியக் குடியேறிகளின் கைக்கும் சென்றது.

1918-இல் அரிசி விலையேற்றத்தால் சப்பானில் மக்கள் கொதித்தெழுந்தனர். அவர்தம் பசியாற்ற, 1920-இல் கொரியாவில் அரிசி விளைச்சலைப் பெருக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. விளைச்சல் பெருகியது, ஆனால் கப்பலேறிய அரிசி அதனினும் விரைந்து பெருகியது. நெல் விளைவித்த கொரியன் உண்ட அரிசி ஆண்டுக்காண்டு குறைய, மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை அவன் உண்டான். வல்லாண்மை இருப்புப்பாதை அமைத்ததே எனப் போற்றுவார் இன்றும் உளர். சியோலிலிருந்து பூசான் துறைமுகத்துக்கு 1905-இல் ஓடத்தொடங்கிய வண்டி யாருக்காக ஓடியது, எதை ஏற்றிச் சென்றது என்று அவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அவையோரே! வயிற்றிலடித்த பின்னும் வல்லாண்மை அமைதியுறவில்லை. 1919 மார்ச்சு முதல்நாள் 33 சான்றோர் கையொப்பமிட்ட விடுதலை அறிக்கை சியோலில் வெளிவர, நாடே எழுந்தது. சப்பானிய அரசு ஒப்பிய சாவுக்கணக்கு 553. கொரியர் தொகுத்த கணக்கோ 7,000-க்கு மேல். நிலத்தை இழந்த பின்னும் இம்மக்களை ஒன்றாக நிறுத்துவது எது? மொழியே என்பதை ஆள்வோர் உணர்ந்தனர்.

1938-இல் பள்ளிகளிற் கொரியமொழி விருப்பப்பாடமாகத் தாழ்த்தப்பட்டது; பின்னர் முற்றாகவே நீக்கப்பட்டது. 1940-இற் கொரியமொழி நாளிதழ்களான தோங்கா இல்போ, சோசன் இல்போ இரண்டும் மூடப்பட்டன. அவ்வாண்டிலேயே சப்பானிய முறையிற் குடிப்பெயர் கொள்ளுமாறு திட்டம் வந்தது. விருப்பம் என்றது சட்டம். பள்ளியிலும் அலுவலகத்திலும் நேர்ந்ததோ வற்புறுத்தல். ஆறே திங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் குடும்பங்கள் புதுப்பெயர் பதிந்தன. பாட்டன் பெயரைப் பேரன் சொல்லவியலாத நிலை நேர்ந்தது.

இவ்விருளிலும் சிலர் விளக்கேந்தினர். 1446-இற் சேசோங் மன்னர் மக்களுக்கு அளித்த எழுத்தை, சூ சிகியோங்கு என்னும் அறிஞர் 1914-இல் மறையுமட்டும் ஆய்ந்து பரப்பினார். அவர்வழி வந்தோர் 1929-இற் கொரியமொழி அகரமுதலிப் பணியைத் தொடங்கினர். 1933-இல் எழுத்துமுறையை ஒருமைப்படுத்தினர். 1942 அக்தோபரில் காவலர் கொரியமொழிக் கழகத்தாரைச் சிறைப்பிடிக்கத் தொடங்கினர். சிக்கியோர் 33 பேர். வெடிகுண்டு செய்தாரல்லர், சொற்களைத் தொகுத்தார். அதுவே விடுதலைக் கிளர்ச்சியெனக் குற்றமாயிற்று. இ யுன்சே 1943-இலும் ஆன் சிங் 1944-இலும் சிறையிலேயே மாண்டனர்.

அகரமுதலியின் கையெழுத்துப்படி வழக்குச்சான்றாகப் பறிக்கப்பட்டு, இருக்குமிடம் தெரியாமற் போயிற்று. 1945 ஆகத்து 15-இல் சப்பான் பணிந்தது. செப்தம்பரில், சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கொன்றில் ஏறத்தாழ 26,500 தாள்கள் கொண்ட அப்படி கண்டெடுக்கப்பட்டது! முதன்மடலம் 1947-இலும் ஆறாம் மடலம் 1957-இலும் வெளிவந்தன. 1948-இல் தென்கொரியக் கல்வித்துறை, சப்பானியச் சொற்களை நீக்கித் தாய்மொழிச் சொற்களை மீட்கும் நூலொன்றை வெளியிட்டது. 1916-இல் மறைமலையடிகளார் தொடங்கிய தனித்தமிழ்ப் பணியை அறிந்தார்க்கு, அம்முயற்சியின் அருமை விளக்கவேண்டாதது.

வல்லாண்மையின் விளைவோ இன்னும் ஒழியவில்லை. சப்பானியர் வெளியேற, அமெரிக்கப்படை தெற்கிலும் சோவியத்துப்படை வடக்கிலும் நுழைந்தன. 1948-இல் ஒரு நாடு ஈரரசாயிற்று. 1950 முதல் 1953 வரை உடன்பிறந்தாரே பொருதனர். எல்லைக்கோடு இன்றும் நிற்கின்றது. ஆயினும் கோட்டின் இருபுறத்தும் குழந்தை எழுதிப்பழகுவது சேசோங்கின் எழுத்தே. தாயை அழைப்பதும் ஒரே சொல்லாலே.

துறைமுகம், நிலம், சோறு, நா என்பதே வல்லாண்மை பறித்த வரிசை. முதன்மூன்றையும் இழந்த மக்கள் நான்காவதை விடாது பற்றியமையால் மக்களாகவே நின்றனர். மொழிப்பணியைப் புலவரின் பொழுதுபோக்கெனச் சிலர் எள்ளலாம். அதன் வலிமையை அறிந்தமையாலன்றோ, ஒரு வல்லரசு அகரமுதலிக்கு அஞ்சிச் சிறைக்கதவைத் திறந்தது?