பந்தியில் விடுபட்டவர்கள்



தொடக்கத் திருச்சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது கோட்பாட்டைப் பற்றியது அல்ல, பந்தியைப் பற்றியது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. யாரும் அவர்களை விரட்டிவிட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் விடுபட்டுப் போனார்கள்.

இன்று நாம் வேறொரு பந்தியைப் பற்றிச் சிந்திப்போம். அது மறதிநோய் ஆராய்ச்சி என்னும் பந்தி.

இந்த நோயை அறியாத தெரு நம் பங்குகளில் இல்லை. பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்று கேட்கும் பாட்டி, செபமாலையைத் தொடங்கிவிட்டால் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உலகில் 5 கோடிக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்கிறார்கள். இந்தியாவில் 60 வயது கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

இந்நோயை மருத்துவ உலகம் புரிந்துகொள்ளத் துறவியர் பெரிதும் உதவினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1986-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வில் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 அருள்சகோதரிகள் சேர்ந்தார்கள். அனைவரும் 75 வயதைக் கடந்தவர்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உடன்பட்டார்கள். இறந்தபின் தங்கள் மூளையையும் ஆய்வுக்குக் கொடையாக அளித்தார்கள். மூளையில் நோயின் தடயங்கள் நிறைந்திருந்தும் கடைசிவரை தெளிவாகச் சிந்தித்தவர்கள் உண்டு என்பது அவர்கள் வழியாகத் தெரியவந்தது. சிகாகோவில் உள்ள ரஷ் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கிய ஆய்விலும் கத்தோலிக்க அருள்பணியாளர்களும் சகோதரிகளும் சகோதரர்களும் இதே கொடையை அளித்தார்கள்.

அது பெரிய கொடைதான். ஆனால் அந்தச் சகோதரிகளில் ஏறக்குறைய எல்லாரும் ஐரோப்பிய வழிவந்த, நன்கு படித்த வெள்ளையினத்தவர். அமெரிக்காவில் கறுப்பின முதியோருக்கு இந்நோய் வருவது வெள்ளையின முதியோரைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று கணக்கிடுகிறார்கள். ஆயினும் மருந்துச் சோதனைகளில் அவர்கள் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள். யாருக்கு நோய் அதிகமோ, அவர்களே பந்தியில் இல்லை.

ஏன்? "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் நடந்ததை அம்மக்கள் மறக்கவில்லை. 1932 முதல் 1972 வரை, 40 ஆண்டுகள், அரசின் பொது சுகாதாரத் துறையே ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை வைத்து மேகநோய் ஆய்வு நடத்தியது. பென்சிலின் மருந்து வந்த பிறகும் நோயுற்றவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அரசுத்தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்தான். அப்படி ஏமாற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் தயங்குவதை அறியாமை என்று நாம் சொல்லலாமா? அது பட்டறிவு.

ஆகவே ரஷ் ஆய்வாளர்கள் 2004-இல் வேறு வழியில் நடந்தார்கள். கறுப்பின முதியோருக்கென்றே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மக்கள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஆலயங்களுக்கும் முதியோர் குடியிருப்புகளுக்கும் போனார்கள். சோதனைகளை அவரவர் வீட்டிலேயே செய்தார்கள். மூளைக் கொடையைக் கட்டாயமாக்கவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1998-இல் கொச்சியில் ஓர் ஆய்வுக்குழு உருவானது. அதன் பெயரே 10/66. மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அதன் பொருள். சென்னையிலும் வேலூரிலும் இக்குழுவினர் ஆய்வு நடத்தினார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால், அவர் தடுமாறுவது நோயாலா, படிக்காததாலா? மேலைநாட்டுச் சோதனைக்கு அது தெரியாது. எனவே படிப்பைச் சாராத சோதனைகளை உருவாக்கினார்கள். வீட்டில் உடனிருப்பவரிடமும் கேட்டறிந்தார்கள்.

எருசலேமுக்குத் திரும்புவோம். திருத்தூதர்கள் அந்தக் கைம்பெண்களைக் குறைசொல்லவில்லை. எழுவரைத் தேர்ந்துகொள்ளும்படி மக்களிடமே விட்டார்கள். தேர்ந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு உள்ளிட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டவர்களின் மொழியை அறிந்தவர்கள் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது.

அன்புக்குரியவர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? முதலில், மறதியை மறைக்காதிருப்போம். "பெண் கொடுக்க யோசிப்பார்கள்" என்று பாட்டியைப் பின்னறையில் வைக்காதிருப்போம். அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுவோம். ஆய்வாளர்கள் வீடு தேடி வந்தால், கதவைச் சாத்தவும் வேண்டாம், கேளாமல் கையெழுத்திடவும் வேண்டாம். எதற்காக இந்த ஆய்வு? எங்கள் விவரங்கள் யாரிடம் இருக்கும்? வேண்டாம் என்றால் இடையில் விலகலாமா? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? இவற்றைக் கேட்பது நம் உரிமை. நேர்மையான ஆய்வாளர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

நம் பாட்டியின் பெயர் எந்த ஆய்விலும் இல்லையென்றால், நாளை வரும் மருந்து அவருக்கும் பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது. பேரப்பிள்ளைகளின் பெயரை அவர் மறந்திருக்கலாம். அவரை நாம் மறவாதிருக்க இறைவன் நமக்கு அருள்வாராக.