அடுப்படிக்குப் போக என்ன விலை?

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிளஸ் டூ முடித்த மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கேட்டரிங் படிக்கலாமா, ஒரு வருஷ சமுதாயக் கல்லூரி போதுமா, மூணு வருஷப் பட்டமே வேணுமா என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். பணக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். நம்ம வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

லீ பஜாரில் மூட்டை தூக்குகிற, இல்லை கொலுசுப் பட்டறையில் உட்காருகிற ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 600 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 15,000. மூணு வருஷம் படிக்கப் போனால் 5,40,000 ரூபாய் வீட்டுக்கு வராது. தனியார் கல்லூரி வருஷத்துக்கு 60,000 கேட்டால் அது 1,80,000. ஆக 7,20,000. கல்லூரி நோட்டீசில் பீஸ் மட்டும்தான் அச்சாகியிருக்கும். கூலி இழப்பை எவனும் அச்சடிக்க மாட்டான், அது அப்பா அம்மா தலையில் ஏறுகிற கணக்கு. படித்து வந்து பழைய கூலியைவிட மாதம் 5,000 கூடக் கிடைத்தால் போட்டதை எடுக்க 12 வருஷம். பீஸ் இல்லாமல் படித்தால் 9 வருஷம். அப்படியும் படிக்கத்தான் சொல்வேன். மூட்டை தூக்குகிற முதுகு அத்தனை வருஷம் தாங்காது.

சரி, எந்தப் படிப்பு? சமுதாயக் கல்லூரி என்பது 1995இல் புதுச்சேரியிலும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியால் சென்னையிலும் தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் போன்ற பாதிரியார்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பள்ளியில் தோற்றவனையும் பாதியில் நின்றவளையும் உள்ளே கூப்பிட்ட கல்லூரி அது. அந்த நல்ல எண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென ஒரு திட்டம் போட்டது. ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது சான்றிதழ் அல்லது டிப்ளமோ. பட்டம் வேறு. பட்டம் கையில் இருந்தால் ஓட்டல் வேலை பிடிக்காமல் போனாலும் குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம். டிப்ளமோவை வைத்து அதெல்லாம் முடியாது. பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கிறது, பீஸ் கம்மி என்று ஒரு வருஷக் கோர்சில் போய் உட்காராதீங்க. பத்தாவதோடு நின்றவர்களுக்கு அது ஏணி. உங்களுக்கு அது ஒரு படி இறக்கம்.

இனிமேல்தான் நம்ம விஷயம். ஓட்டல் தொழிலில் வரவேற்பு, பரிமாறல், சமையல், ஹவுஸ்கீப்பிங் என்று பிரிவுகள் உண்டு. நம் பிள்ளைகளை எந்தப் பிரிவுக்குத் தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். மாநகராட்சியில் துடைப்பம் பிடித்த ஆயாவின் பேத்திக்கு யூனிபார்ம் போட்டு, இங்கிலீஷில் பேர் வைத்து, அதே கக்கூசைக் கழுவச் சொன்னால் அதற்கு எதற்கு மூணு வருஷம்? மேற்பார்வையாளர் வேலை என்றால் போகலாம், அது வேறு. தனியார் ஓட்டலில் இடஒதுக்கீடு கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு ஓட்டலுக்குள் போய் உட்காருகிற உரிமையைத் தந்தது. யார் சமைப்பது என்பதை ஊர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல் யார் கை சமைத்தது என்பதற்கான விளம்பரம்தானே? அதை எதிர்த்து 1957இல் பெரியார் தொண்டர்கள் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் முதலில் இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அது ரத்தானது. 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்திலும் இதே கதை. கேட்டரிங் வகுப்பில் சொல்லித்தருகிற பிரெஞ்சுச் சமையலுக்கு மாட்டெலும்பு வேகவைத்த சாறு ஒரு அடிப்படை. அது நட்சத்திர ஓட்டலில் கொதித்தால் கலை, சேரியில் கொதித்தால் தீட்டு.

அதனால்தான் சமையல் பிரிவைக் கேளுங்கள் என்கிறேன். பேக்கரியைக் கேளுங்கள். அந்தக் கைத்தொழிலோடு நாளைக்கு நாமே கடை போடலாம்.

பீஸ் இல்லாமல் படிக்க வழி இருக்கிறது. தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம், திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கின்றன. தரமணியில் நம் மாணவர்களைத் தன் செலவிலேயே படிக்கவைக்க அண்மை ஆண்டுகளில் தாட்கோ விண்ணப்பம் கேட்டிருக்கிறது. அந்த அறிவிப்பு செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் வந்து சேருவதில்லை. இன்னொரு தடை, தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்தவனுக்கு வாசலிலேயே பூட்டு. தமிழிலும் நடத்து என்று நாம் கேட்டாக வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் ஒரு பைசா வராது.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மூணு கேள்வி கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தருகிறது? போன வருஷம் முடித்தவர்கள் எந்தப் பிரிவில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? பயிற்சிக் காலத்தில் கூலி உண்டா? பதில் சொல்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள், அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, இதில் எது இல்லாதவர்களும் போகும்போது வாசலில் இருக்கிற தோழரிடம் பேர் எழுதிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை சேர்ந்தே தாலுகா ஆபீசுக்குப் போவோம்.