‘நிமிர்ந்து உட்கார்’ என்றால் போதுமா?



சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பல வீடுகளில் காணும் காட்சி இது. தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வரவேற்பறை சோபாவில் சாய்ந்து கிடக்கிறான். இடுப்பு சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டது. முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. முகவாய் நெஞ்சைத் தொடுகிறது. கையில் வீடியோ கேம் கருவி. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. “தம்பி, நேரா நிமிர்ந்து உட்காருப்பா!” பையன் சட்டென நிமிர்கிறான். அரை நிமிடம்கூட ஆகவில்லை, பழையபடி சரிந்துவிடுகிறான்.

சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று பெற்றோர் அலுத்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்தச் சோபாவைச் சற்றுக் கவனியுங்கள். அது பெரியவர்களின் கால் நீளத்துக்குச் செய்யப்பட்டது. முதுகு சாய்மானத்தில் பட வேண்டுமானால் பையனின் கால் தரையை எட்டாது. கால் தரையில் பட வேண்டுமானால் முதுகுக்குச் சாய்மானம் கிடைக்காது. சரிந்து உட்காருவதைத் தவிர அவனுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, விளையாட்டில் மூழ்கிய மனத்துக்கு உடம்பின் நினைவே இருப்பதில்லை.

கழுத்து சுமக்கும் பாரம்

வளர்ந்த மனிதரின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை கொண்டது. தலை நேராக இருக்கும்போது கழுத்து அதை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். தலை குனியக் குனிய, கழுத்தெலும்பின் மீது விழும் அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, தலை 30 பாகை குனிந்தால் அந்த அழுத்தம் சுமார் 18 கிலோ. 60 பாகை குனிந்தால் சுமார் 27 கிலோ. கடையில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பைகள் ஐந்தைக் கழுத்தில் தொங்கவிட்டதற்கும் மேல்! இது பெரியவர்களுக்காகப் போடப்பட்ட கணக்கு. பிள்ளைகளுக்கு எண்ணிக்கை மாறலாம். ஆனால் உடம்போடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் தலை பெரிது. கழுத்துத் தசைகளோ இன்னும் வலுப்பெறாதவை.

இங்கே ஒரு வீண் பயத்தையும் போக்கிவிடலாம். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ‘ஸ்கோலியோசிஸ்’ பிள்ளை கோணலாக உட்காருவதால் வருவதில்லை. பெரும்பாலும் அது இன்ன காரணம் என்று தெரியாமலே வளரும் பருவத்தில் தோன்றுகிறது. அதைக் கண்டறியத்தான் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் முதுகுச் சோதனை நடத்தப்படுகிறது. தவறான இருக்கை நிலையில் நெடுநேரம் அசையாமல் இருப்பதால் வருவது கழுத்துவலி, தோள்வலி, முதுகுவலி.

அந்த வலியையும் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. டென்மார்க்கில் சுமார் 9,600 இரட்டையர்களிடம் அவர்களின் இளம்பருவத்தில், 1994-இல், இடுப்புவலி பற்றி விசாரித்தார்கள். 2002-இல் அவர்களிடமே மீண்டும் விசாரித்தார்கள். இளம் வயதில் வலி இருந்தவர்களுக்கு, வளர்ந்த பிறகும் அது இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வு கூறியது.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

1990-இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வேடிக்கையான பெயருடன் ஒரு குறிப்பு வந்தது. ‘நிண்டெண்டினைட்டிஸ்’ என்பது அந்தப் பெயர். ஐந்து மணி நேரம் இடைவிடாமல் வீடியோ கேம் விளையாடிய 35 வயதுப் பெண்ணுக்குக் கட்டைவிரலில் கடும் வலி. அவர் பெரியவர், தாமாகவே மருத்துவரிடம் போய்ச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

“அம்மா, கழுத்து வலிக்குது.”

“எந்நேரமும் கேம் விளையாடினா வலிக்காம என்ன செய்யும்? கொடு அதை இப்படி!”

இது ஒரு முறை நடந்தால் போதும். வலியைச் சொன்னால் விளையாட்டு போய்விடும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அடுத்த முறை கழுத்து வலித்தாலும், விரல் மரத்துப்போனாலும், வாய் திறக்காது. இருக்கை நிலையைவிடப் பெரிய ஆபத்து இந்த மௌனம்தான்.

ஆகவே, வலி என்று பிள்ளை சொன்னால் முதலில் கேளுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று விசாரியுங்கள். கேம் பற்றிய பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கை கால் மரத்துப்போதல், ஓய்வு கொடுத்தும் நீங்காத வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, காலுக்குக் கீழே ஒரு சிறு முக்காலி வையுங்கள். முழங்கால் மடங்கி, பாதம் முழுவதும் பதிய வேண்டும். கையடக்கக் கருவியானால் மடியில் ஒரு தலையணை வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றச் சொல்லுங்கள். கருவி உயரும்போது தலையும் நிமிரும். தொலைக்காட்சியில் விளையாடினால் திரைக்கு நேர் எதிரே உட்காரட்டும்.

எவ்வளவு நல்ல நிலையானாலும் அதிலேயே மணிக்கணக்கில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மணி நேரமும் 10 முதல் 15 நிமிடம் ஓய்வெடுக்கும்படி நிண்டெண்டோ நிறுவனமே அறிவுறுத்துகிறது, களைப்பு தெரியாவிட்டாலும்கூட! பாதி ஆட்டத்தில் “எழுந்திரு” என்றால் சண்டைதான் வரும். “ஓர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்” என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும்.

7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை நீங்கலாகத் திரை நேரம் நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2025-இல் வெளியிட்ட ஆலோசனை சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது ஓடியாடி உடலை அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டுக்குக் கீழே விளையாட்டுத் திடல் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ கூடவே இறங்கிப் போனால் பிள்ளை வராமலா இருக்கும்?

இன்னொன்று. பிள்ளையை அதட்டும் அதே நேரத்தில் அப்பா கைப்பேசியில் தலை குனிந்து கிடந்தால் எந்த அறிவுரையும் எடுபடாது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். சின்ன வயதில் வளைய வேண்டியது பழக்கம், முதுகு அல்ல. இன்று மாலை பிள்ளை விளையாட உட்காரும்போது தூரத்திலிருந்து குரல் கொடுக்காமல், ஒரு தலையணையோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். “எங்கேயாவது வலிக்குதா, தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள்.