பேச்சு நடக்கும்போது ஓட்டு எதற்கு?



"கூலி ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே வேலைநிறுத்தத்துக்கு ஓட்டு எடுக்கிறீர்களே, பேச்சை முறிக்கத்தானே?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். நம்மவர்களிலும் சிலர் கேட்கிறார்கள. முதலாளிக்குப் பதில் தெரியும். நம்மவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

வயல் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதிதல்ல. கதிர் முற்றி நிற்கும்போதே கூலி பேசுகிறோம். நெல் களத்துக்கு வந்தபின் பேசினால் எவன் காது கொடுப்பான்?

திருப்பூர் பனியன் முதலாளிக்கு மேஜையில் ஒரே கணக்குத்தான்: கப்பலேற வேண்டிய சரக்கு நிற்குமா, நிற்காதா? சங்கத் தலைவர் மேஜையைத் தட்டினால் நின்றுவிடாது. கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி அத்தனை பேரும் சேர்ந்தால்தான் நிற்கும். ஒரு கம்பெனி மட்டும் நின்றால் வேலை அடுத்த சந்திலுள்ள ஜாப் ஒர்க் கம்பெனிக்குப் போய்விடும். சேர்வோமா என்பதை ஓட்டு எண்ணிக் காட்டுகிறது, முதலாளிக்கும் நமக்கும்.

நமக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். 1984-இல் பஞ்சப்படி கேட்டு இதே திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. வாரச் சம்பளக்காரனுக்கு அது 18 சனிக்கிழமை. அத்தனை சனிக்கிழமையும் வெறுங்கையோடு வீடு போகிற காரியத்தை நாலு தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யலாமா? மளிகைக் கடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவர்களுக்குத் தெரியுமா? 'வேண்டாம்' என்று விழும் சீட்டும் நமக்குச் சேதிதான். நூற்றுக்கு நாற்பது பேர் வேண்டாம் என்றால், வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். இல்லையேல் கோரிக்கையைத் திருத்த வேண்டும். அவர்களைக் கருங்காலி என்று ஏசுவது மடத்தனம்.

ஓட்டு விழுந்த மறுநாளே மெஷின் நிற்கும் என்பதும் இல்லை. 2023 நவம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் பழைய பென்ஷன் கேட்டு ஓட்டெடுத்தார்கள். மிகப் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதித்தார்கள். ரயில் நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு வேறொரு பென்ஷன் திட்டத்தை அறிவித்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டப்படி எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை நிறுத்த முடியாது. பாதிப் பேர் ஒரே நாளில் சொல்லிவைத்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம் என்றே கணக்கு. பேச்சு முறிந்தபின் ஓட்டுப்பெட்டி தேடி, அதற்குப் பின் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருந்தால், அதற்குள் சரக்கு தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருக்கும்.