மலையில் ஜீப் நின்ற இரவு

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'பேரிடர் காலத்தில் பள்ளி' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேரிடர் மேலாண்மை படித்தவள் இல்லை. போடிமெட்டு மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஆசிரியை. எனக்குத் தெரிந்தது ஒரே ஓர் இரவு. அதையும், அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் நாங்கள் மாற்றிக்கொண்ட சிலவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். விடியற்காலையில் போடியிலும் சுற்று ஊர்களிலும் ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். களை எடுக்க, காய் எடுக்க, மருந்து அடிக்க என்று ஆண்டு முழுக்க வேலை உண்டு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அம்மா திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. கஜா புயல் அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். டெல்டாவில் தென்னைகள் சாய்ந்ததையும் மின்கம்பங்கள் முறிந்ததையும் எல்லாரும் அறிவீர்கள். நாகைக்கும் எங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 285 கிலோமீட்டர். புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் கவலை என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். நானே ஐந்தாம் வகுப்பில், 'புயல் தரையேறியதும் வலுவிழந்துவிடும்' என்று நடத்தியிருக்கிறேன். அது தப்பில்லை. கடலின் வெப்பமும் ஈரமும் கிடைக்காமல் போனால் புயலின் காற்று தளர்ந்துவிடும். ஆனால் அது சுமந்து வந்த ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறும், ஏறும்போது குளிரும், குளிர்ந்தால் கொட்டும். இந்த இரண்டாம் பாதியை நான் நடத்தியதே இல்லை. கஜா மாநிலத்தைக் குறுக்கே கடந்து, கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துவிட்டு, பிறகு கேரளம் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது.

பிற்பகலில் எங்கள் பக்கம் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. ஐந்து மணிக்கு மின்சாரம் போனது. ஆறு மணிக்கு வர வேண்டிய ஜீப்புகள் ஏழு ஆகியும் வரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, கல் உருண்டிருக்கிறது, வண்டிகளை மேலேயே நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு ஓட்டுநர் வழியாகச் செய்தி வந்தது. அதன் பிறகு யாருடைய கைப்பேசிக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை.

நான் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் நின்றதும்தான் உறைத்தது: எந்த வீட்டில் இன்று பெரியவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. வருகைப் பதிவேடு முழுக்க எனக்கு மனப்பாடம். யாருக்கு வாய்ப்பாடு வராது, யார் மதியம் முட்டையை வைத்திருந்து தம்பிக்குக் கொண்டுபோவாள், எல்லாம் தெரியும். யாருடைய அம்மா மலைக்குப் போகிறார், எந்தத் தோட்டம், யாருடைய ஜீப், அவர் வராவிட்டால் பிள்ளை எங்கே சாப்பிடும் என்பது தெரியாது. பதிவேட்டில் இருந்த கைப்பேசி எண்களில் பாதி அந்த அம்மாக்களின் எண்கள்தான். அந்தக் கைப்பேசிகள் மலை மேல் இருந்தன.

கதவு கதவாகத் தட்டினேன். நான்காம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம். அப்பா திருப்பூரில் வேலை, அம்மா மலையில். ஒண்டிக் குடித்தன வீடு, ஒரே அறை. உள்ளே அவளும் ஒன்றாம் வகுப்புத் தம்பியும். நனைந்த தம்பிக்கு நடுக்கம் எடுத்ததும், அவள் அடுப்பிலிருந்து கங்கை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளி அறை நடுவே வைத்திருந்தாள். சாரல் வருகிறதென்று ஜன்னலில் சாக்கை அடைத்துக் கதவையும் தாழிட்டிருந்தாள். "தம்பிக்குத் தலை வலிக்குதாம் டீச்சர், தூக்கமா வருதாம்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலா இருக்கும், கதகதப்பா படுக்க வை" என்றேன். அறிவியல் பாடம் எடுப்பவள் நான்.

என் பின்னாலேயே பக்கத்து வீட்டு அப்பத்தா வந்தார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். வாசலில் நின்றபடியே, "அடியேய், மூட்டத்தை உள்ள வச்சுக்கிட்டுக் கதவை அடைச்சிருக்கீக, வெளிய வாங்க மொதல்ல!" என்று போட்டார் ஒரு சத்தம். சட்டியை முந்தானையால் பிடித்து வாசலில் வைத்தார், சாக்கைப் பிடுங்கி எறிந்தார். பையனைத் தன் திண்ணையில் உட்கார வைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த சேலையைச் சுற்றினார். அரை மணி நேரத்தில் அவன் கஞ்சி கேட்டான்.

கரி புகையாமல் கங்காகக் கனன்றாலும், போதிய காற்று இல்லாத அறையில் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்றுதான் தொடங்கும். தூங்கிப் போனவர் எழ மாட்டார். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்து இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அது சுற்றுலா வந்தவர்களுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பனிப்புயல் வந்தது. டெக்சாஸ் வெயில் ஊர். அங்கே டல்லாஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. 45 லட்சம் வீடுகள், நிறுவனங்களுக்கு மின்சாரம் இல்லை. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குளிரால். சிலர் வீட்டுக்குள் கரி மூட்டியும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டும் குளிர் காய்ந்து, அந்த வாயுவால் இறந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த இரும்புச் சட்டிதான் கண்ணில் வந்தது. எங்கள் ஊரில் பனி விழவில்லை. ஆனால் குளிர் கொல்லுவதற்குப் பனி தேவையில்லை. நனைந்த துணியும் காற்றும் போதும். உடல் சூட்டை ஈரத்துணி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயில் ஊர்க்காரர்கள் நம்மிடம் கம்பளி இருக்காது, குளிரைப் பற்றிய பயமும் இருக்காது.

அந்த அம்மா மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். விழுந்த மரங்களைத் தாண்டி வளைவு வளைவாக நடந்தே இறங்கியிருக்கிறார்கள். இரவு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "ஸ்டோர்ல படுத்தோம் டீச்சர். நல்லா சூடா இருந்துச்சு. புள்ளைகதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு" என்றார். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். வெளியே விறகு எரியும், சூடு மட்டும் இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும், புகை போக்கி வழியாகப் புகை வெளியேறிவிடும். அம்மாவுக்கும் நெருப்பு, பிள்ளைக்கும் நெருப்பு. ஒன்றில் புகை வெளியே போக வழி இருந்தது. இந்தப் படத்தைத்தான் இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் கரும்பலகையில் வரைகிறேன். பாடநூலில் எரிதல் பாடம் எந்த மாதம் வந்தாலும் எனக்கு அது அக்டோபர் பாடம்.

அடுத்த வாரம் ஒரு நோட்டுப் போட்டேன். முதலில் சொதப்பினேன். "யார் வீட்ல மலைக்குப் போறாங்க, கை தூக்குங்க" என்று வகுப்பில் கேட்டேன். இரண்டே கை உயர்ந்தது. தோட்ட வேலை என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வெட்கம். சில பெற்றோர், எதற்கு இந்தக் கணக்கு, ரேஷன் கார்டில் ஏதும் கை வைப்பார்களா என்று பயந்தார்கள். பிறகு மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த அம்மாவையே பேசச் சொன்னேன். அவர் இரண்டு நிமிடம்தான் பேசினார். அன்றே நோட்டு நிறைந்தது.

நோட்டில் நான்கு கட்டங்கள். மலைக்குப் போகிறவர் யார். எந்த ஜீப், ஓட்டுநர் எண். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அல்லது சூப்பர்வைசர் எண். அம்மா வராவிட்டால் பிள்ளை படுக்கும் வீடு. நான்காவது கட்டம்தான் முக்கியம். அந்த வீட்டுக்காரரிடமும் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே எழுதுவேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070 இரண்டும் அட்டையில் இருக்கின்றன. நோட்டு என் மேசையில் பூட்டி இருக்கும். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட மாட்டேன். தனியாக இருக்கும் பிள்ளைகளின் பட்டியல் அது, யார் கையிலும் போகக் கூடாது.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்று கேட்கலாம்: எங்களிடம் ஆயிரம் பிள்ளைகள், எப்படி எழுதுவது? நியாயம். ஆனால் உங்கள் பிள்ளைகள் பெரியவர்கள். ஒரு தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். விடுமுறை நாளில் மலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் உங்களிடம் இருப்பார்கள். அதை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

புயலுக்குப் பெயர் வைத்தால்தான் நோட்டை எடுக்க வேண்டும் என்றும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பெயரே கிடையாது. திருவைகுண்டத்தில் வெள்ளத்தில் நின்றுபோன ரயிலின் பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். அவர்களும் எந்தப் பயிற்சிக்கும் போனவர்கள் இல்லை, எங்கள் அப்பத்தாவைப் போல.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மீண்டும் பாதை அடைபட்டது. அன்று ஓட்டுநருக்கு நானே பேசினேன். இருட்டும் முன்பே ஒன்பது பிள்ளைகள் அவரவர் நான்காம் கட்டத்து வீட்டில் இருந்தார்கள். ஒரு வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. ஒப்புக்கொண்டவர்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அந்தப் பையன் என் வீட்டில் படுத்தான். இப்போது மாதம் ஒருமுறை நோட்டைச் சரிபார்க்கிறோம்.

அந்த நான்காம் வகுப்புப் பெண் எங்கள் பள்ளியை விட்டுப் போய் வெகு நாளாகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒரு நாள் மாலை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள். தம்பி அப்போது என்னிடம் ஐந்தாம் வகுப்பு. "டீச்சர், அம்மா வேற ஜீப்ல போறாங்க. நோட்டுல நம்பர் மாத்தணும்" என்றாள்.