வாக்கும் எழுத்தும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



வாடகை வீட்டிற் குடியிருப்போர், வீட்டுக்குடையவரேனும் தரகரேனும் சொன்ன சொல் தவறியவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சில ஆண்டுகட்கு முன் யானும் இவ்வின்னலுக்கு ஆளானேன். வீட்டுக்குடையவர் நம்மவர். "நமக்குள் எழுத்தெதற்கு?" என்றார், யானும் இசைந்து, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன். ஒழுகுங் கூரையைச் செப்பனிடுவதாகச் சொன்னவர் செப்பனிடவில்லை. வீட்டை ஒப்படைத்தபின் முன்பணத்தைக் கேட்டபோது, அடுத்த மாதம், அடுத்த மாதம் என நாட்கடத்தினார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எண்ணியிருந்த பொருள் அது. கையிற் சான்றொன்றுமில்லை, கடன் வாங்கியே கட்டணஞ் செலுத்தினேன்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் நீக்கப்பெற்று, 2017-இல் இயற்றப்பெற்ற புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடந்துவருகின்றது. அதன்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதியப்பெறல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடின், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கி போக, எஞ்சியதைத் திருப்பித் தரல் வேண்டும். உடையவர் தம் கடமையாகிய பழுதைப் பார்க்க மறுப்பின், குடியிருப்பவர் தாமே பார்த்து அச்செலவை வாடகையிற் கழித்துக்கொள்ளலாம்; ஆயினும் ஒரு மாதத்திற் பாதி வாடகைக்கு மேற் கழித்தலாகாது. நீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்குவாராயின், வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

ஆதலின் அன்பர்களே! தரகர் நாவினாற் சொல்வனவெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறினவா என்று பாருங்கள். ஏறாத சொல்லைப் பின்னர் நிலைநாட்டல் அரிது. கொடுத்த பணத்திற்கெல்லாம் ரசீது பெறுங்கள். குடிபுகும் நாளிலேயே வீட்டின் நிலையைப் படமெடுத்து வையுங்கள். வாக்குத் தவறியவிடத்து, முதலில் விரைவுத் தபாலிற் கடிதம் விடுங்கள். அதன் படியொன்றைக் காத்துவையுங்கள். அதன்பின் அதிகாரியை அணுகுங்கள். சினத்தால் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அது நம்மை வெளியேற்றுதற்கு அவர்க்கே காரணங் கொடுத்ததாகும்.

இவ்வவையில் வீடுடையாரும் பலர் உளர். அவர்கட்கும் ஒரு வேண்டுகோள்: குடியிருப்பவரின் முன்பணம் நம் பணமன்று, நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள். நம்மவர் என்னும் உறவு எழுதாமைக்குக் காரணமாதல் கூடாது. எழுதியதைத் தவறாது காத்தற்கே காரணமாதல் வேண்டும்.